தேன்குழல் வெளிச்சம்

குருவம்மாள் முறுக்கு உரலில் வெயிலைப் பிழிந்த அன்று கரட்டூர் ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்திருந்தது, அதனால் ஊரில் பாதிப்பேர் வரிசையில் நின்றுகொண்டு அந்த முதல் பிழிதலைத் தவறவிட்டோம், மீதிப்பேர் பார்த்துவிட்டு எங்களிடம் ஒரு வாரத்துக்குப் பீற்றிக்கொண்டார்கள். தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. மகள் இந்துமதிக்குத் தையில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தபடியால் சம்பந்தி வீட்டுக்கு முறுக்கு அனுப்ப வேண்டும் என்று குருவம்மாள் பித்தளை உரலைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள், எல்லாப் பெண்களும் செய்வதுபோல, அச்சுத்தட்டின் துளைகளில் பழைய மாவு ஏதும் அடைத்திருக்கிறதா என்று பார்க்க உரலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள், வெயில் உரலுக்குள் இறங்கி நிரம்பியதும் கைப்பழக்கத்தில் மேல்கட்டையை வைத்து அமுக்கினாள். தேன்குழல் தட்டின் மூன்று துளைகளிலிருந்தும் மூன்று இழை வெளிச்சம் வந்தது. அப்போது மதியம் மூன்று மணி.

வெளிச்சத்தின் குணம் எங்களுக்குத் தெரியாததல்ல. டார்ச் லைட் அடித்தால் பத்தடியில் சாப்பாட்டுத் தட்டு அகலம் ஆகும், நூறடியில் நெற்களத்து அகலம் ஆகும், அதற்கப்புறம் எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியாது. பஸ்ஸின் முன்விளக்கும் அப்படித்தான். ஆனால் குருவம்மாள் பிழிந்த வெளிச்சம் விரல் பருமனில் கிளம்பி, விரல் பருமனிலேயே தையல்கடைக் கூரையைத் தாண்டி, புளியமரங்களைத் தாண்டி, தண்ணீர் இல்லாத கண்மாயைத் தாண்டி, மேற்கே ஒன்பது மைல் தள்ளி நிற்கிற மலையில் போய் ஒட்டிக்கொண்டது. பதம் நன்றாக வந்திருக்கிறது என்றுதான் குருவம்மாள் முதலில் நினைத்தாளாம். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற அவள் கணவர் சீனிச்சாமி வெளியே வந்து, மூன்று இழைகளையும் மலைவரைக்கும் கண்ணால் தொடர்ந்து பார்த்துவிட்டு, எண்ணெய் மிச்சம் என்றார்.

நான்காவதாகத் தட்டின் ஓரத்திலிருந்து ஒரு கீற்றும் ஒழுகியது. அது கோணலாகப் போய்ப் பக்கத்து வீட்டு முருங்கைமேல் விரிந்து கலைந்துபோனது. அந்த ஒழுகலுக்குக் காரணம் ஊருக்கே தெரியும் என்பதால் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, ஆனாலும் இங்கே சொல்லியாக வேண்டும். குருவம்மாளுக்கு லோகமணி என்று ஒரே ஒரு தங்கை. அம்மா இறந்த பதினாறாம் நாள் அம்மாவின் முறுக்கு உரல் யாருக்கு என்று இரண்டு பேருக்கும் தகராறு வந்தது. வீடும் கொல்லையும் ஒரு சொல் இல்லாமல் பிரிந்தன, உரலில் வந்து நின்றார்கள். தாய்மாமன் யோசித்து, உரல் அக்காவுக்கு, அச்சுத்தட்டு தங்கைக்கு என்று தீர்ப்புச் சொன்னார். தட்டு இல்லாமல் உரலால் பயனில்லை, உரல் இல்லாமல் தட்டால் பயனில்லை, ஆகவே வருஷத்துக்கு ஒருமுறையாவது இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து முறுக்குச் சுடுவார்கள் என்பது அவருடைய சாமர்த்தியம். குருவம்மாள் அடுத்த வாரமே திருவிழாக் கடையில் மூன்று துளைத் தட்டு ஒன்று வாங்கிவிட்டாள். அது அந்த உரலுக்குச் சரியாகப் பொருந்தவில்லை, ஒன்பது வருஷமாக ஓரத்தில் மாவு ஒழுகிக்கொண்டே இருந்தது. லோகமணி, எட்டு முனை நட்சத்திரத் துளை போட்ட அம்மாவின் தட்டை எடுத்துக்கொண்டு, கட்டிக்கொடுத்த ஊரான மலைமேல் மேல்சோலைக்குப் போனவள் அதற்குப் பிறகு வரவில்லை.

போகும்போது இரண்டு பேரும் ஆளுக்கொரு சத்தியம் செய்தார்கள். உன் வாசலை என் கால் மிதிக்காது என்றாள் அக்கா. நீயாக வந்து கூப்பிடாமல் உன் வாசலை நான் மிதிக்க மாட்டேன் என்றாள் தங்கை. பதினாறாம் நாள் பந்தலில் சொன்ன சொல் எங்கள் ஊரில் சாதாரணமாகப் போகாது. அக்கா போகாமல் தங்கை வர முடியாது, அக்காவோ போக முடியாது, இப்படி ஒரு பூட்டைப் போட்டுச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டார்கள். லோகமணிக்குப் பிள்ளையில்லை. இந்துமதியை ஐந்து வயது வரைக்கும் இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள்தான். மேல்சோலையில் அவள் வீட்டுத் தகரக்கூரை கரட்டூரிலிருந்து பார்த்தால் ஓர் அரிசி அளவுக்கு மின்னும், பாத்திரம் கழுவுகிற சாக்கில் குருவம்மாள் அந்த அரிசியை ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

வெளிச்சம் வந்த விஷயத்தை ஊர் வேகமாகவே பழகிக்கொண்டது. மின்வாரியத்து ஆள் ஒருவர் கம்பத்திலிருந்து கொக்கி போட்டிருக்கிறதா என்று சோதித்துவிட்டு, இரண்டு முறுக்குச் சாப்பிட்டு, ஒன்றும் எழுதாமல் போனார். பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் சோடா மூடி ஒன்றை வாசலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அளவு சரியாக மூடுவதைப் பார்த்துக்கொண்டு, அதே மூடியை மேல்சோலைக்குக் கொடுத்தனுப்பினார், அங்கேயும் சரியாக மூடியது, நூலளவுகூட அகலவில்லை. மூன்றிலிருந்து நான்கு மணி வரைக்கும் அந்தப் பாதையில் பட்டம் விடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது, கொக்குகளுக்குச் சொல்ல முடியாததால் அவை குறுக்கே போகும்போது மலைமேல் ஒரு நொடி இருட்டிவிட்டு வந்தது. காளியம்மன் கோவில் பூசாரி, கருவறையில் ஒரு சாயங்காலமாவது வெளிச்சம் விழட்டும் என்று கேட்டுக்கொண்டார். குருவம்மாள் தேரடியில் நின்று பிழிந்தாள். எண்ணெய் விளக்கில் தலைமுறை தலைமுறையாகக் கோபக்காரி என்று நினைத்திருந்த அம்மன் நன்றாக வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் வேண்டுதலில் கொஞ்சம் அதிகமாகவே கேட்க ஆரம்பித்தோம்.

பிழிவது எல்லோருக்கும் வரவில்லை. சீனிச்சாமி அமுக்கியபோது வெளிச்சம் துளையை விட்டு வந்ததும் மாவு இளகியதுபோல விரிந்து வாசலிலேயே வழிந்தது. குருவம்மாளுக்கும் எல்லா நாளும் வரவில்லை. பழைய பேச்சு ஏதாவது நினைவுக்கு வந்து கை ஒரு பக்கம் அழுந்தினால் இழைகள் புளியமரத்துக்குள் பிரிந்து காணாமல் போகும். கோபமும் வேண்டாம், அவசரமும் வேண்டாம், எண்ணெய்ச் சட்டிமேல் குனிந்து ஒரே சீராகச் சுற்றும்போது கைக்கு ஒரு நிதானம் வருமே, அந்த நிதானத்தில் அமுக்கினால் ஒன்பது மைலும் ஒரு முழம்தான் என்று அவள் எங்களுக்குச் சொன்னாள். எங்கே பிழிந்தாலும், உரலின் வாய் கடைசியில் அந்த அரிசி அளவு தகரக்கூரைப் பக்கமே திரும்பியது. அதை அவள் சொல்லவில்லை, நாங்கள் பார்த்தோம்.

மேல்சோலை மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கெல்லாம் சூரியன் உச்சிக்குப் பின்னால் போய்விடும், எங்களுக்கு வெயில் காய்கிற நேரத்தில் அவர்கள் போர்வை தேடுவார்கள். அங்கே டவர் கிடையாது. தினம் ஜீப் ஓட்டிக்கொண்டு இறங்கி வருகிற சவேரிதான் சேதி கொண்டுவருவான். வெளிச்சம் கிளம்பிய ஐந்தாம் நாள் அவன் ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டுக் குருவம்மாளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தான். முதல் நாள் மூன்று வெளிச்சமும் பலாமரத்தில் நின்றனவாம், இரண்டாம் நாள் ஒரு நாயின் முதுகில் நின்றனவாம், நாய் எழுந்திருக்கவே இல்லையாம். கிழவர்கள் வரிசையாக வந்து உள்ளங்கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டார்களாம். நேற்று லோகமணி வீட்டுச் சுவரில், கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றனவாம்.

குருவம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அவ என்ன சொன்னா?"

"ஒண்ணுமே சொல்லலக்கா. உள்ள போயி முறத்துல மிளகைக் கொண்டாந்து அந்த வெளிச்சத்துல காய வச்சா. அப்பறம் கதவச் சாத்திக்கிட்டா."

மிளகு வைத்தது ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமா, கதவைச் சாத்தியது வேண்டாம் என்பதற்கு அடையாளமா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து இரண்டு நாள் பேசியது. அப்போதுதான் யாரோ ஒருவருக்கு அந்த யோசனை வந்தது. யார் என்று கேட்டால் இன்றைக்கும் பதினோரு பேர் நான்தான் என்பார்கள். உன் வாசலை என் கால் மிதிக்காது என்றுதானே குருவம்மாளின் சத்தியம், வெளிச்சத்துக்குத்தான் கால் கிடையாதே, கல்யாண அழைப்பை அதனிடமே கொடுத்தனுப்பினால் என்ன?

இந்த மாதிரி விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் உரிமை அச்சாபீஸ் மாடசாமிக்குத்தான். நாற்பது வருஷமாகச் சுற்றுவட்டாரத்துக் கல்யாணப் பத்திரிகையெல்லாம் அவரிடம்தான் அச்சாகிறது, எந்தப் பெரியப்பா பெயர் எந்த வருஷம் விட்டுப்போனது, எந்தச் சித்தி பெயர் எந்த வருஷம் திரும்பி வந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அழைப்பு என்றால் ஆள் வாசற்படியைத் தாண்ட வேண்டும், தாம்பூலத் தட்டை வைக்க வேண்டும், குங்குமம் கொடுக்க வேண்டும், வாயால் சொல்ல வேண்டும் என்றார். வெயில் எல்லார் வீட்டுக்குள்ளும்தான் போகிறது, அதை யாராவது விருந்தாளி என்று பாய் விரித்தார்களா என்று தையல்கடை அமுதவல்லி கேட்டாள். அது தானாக வருகிற வெயில், இது ஒருத்தி அனுப்பிவைத்த வெயில் என்று அதற்குப் பதில் வந்தது. ஒன்பது மைலுக்கு ஒரு நூல்கூட அகலாமல், வழியில் ஒரு வீட்டிலும் எட்டிப் பார்க்காமல், நேராக ஒரே வாசலுக்குப் போகிற வெளிச்சத்தை வெயில் என்று சொல்ல முடியாது என்று டீச்சர் சொன்னதுதான் கடைசியில் எடுபட்டது.

மாடசாமி இப்படித் தீர்த்தார். வெளிச்சத்துக்கு வாய் இல்லாததை மன்னித்துவிடலாம். தட்டையும் குங்குமத்தையும் உரலுக்கு முன்னால் வைத்து, அவற்றைத் தொட்டுக்கொண்டு வெளிச்சம் போகட்டும். ஆனால் வாசற்படியைத் தாண்டியாக வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க முடியாது. அப்படித் தாண்டி, லோகமணியும் ஒரு பதில் சொல்லிவிட்டால், பத்திரிகையில் அவள் பெயரைச் சித்தி என்று போட்டு அச்சடிப்பேன். மார்கழியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற வழக்கம் என்னிடம் கிடையாது, கார்த்திகைக் கடைசி நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மெஷினை ஓட்டிவிடுவேன்.

குருவம்மாள் எழுந்து நின்றாள். "அண்ணே, தூக்கிச் சுமந்தவ அவ. அவ இல்லாம எம்புள்ள கழுத்துல தாலி ஏறுனா எனக்கு அது கல்யாணமாவே இருக்காது. அந்த இடத்த அதுவரைக்கும் சும்மா விட்டு வைங்க." மாடசாமி தலையாட்டினார். அன்றிரவே பத்திரிகையின் முதல் படி எங்கள் கைக்கு வந்தது, பெரியப்பா பெயருக்கும் மாமா பெயருக்கும் நடுவில் ஒரு வரி வெறுமையாக இருந்தது.

அடுத்த நாளிலிருந்து தினமும் மூன்று மணிக்கு வெற்றிலை பாக்கும் குங்குமமும் வைத்து, இந்துமதி பக்கத்தில் நிற்க, குருவம்மாள் பிழிந்தாள். வெளிச்சம் தாம்பூலத் தட்டைத் தொட்டு, குங்குமத்தைத் தொட்டு, கொஞ்சம் சிவந்துபோய் மலைக்குப் புறப்பட்டது. தினமும் சவேரி ஒரே சேதியைத்தான் கொண்டுவந்தான். வெளிச்சம் கதவில் சரியாகத்தான் நிற்கிறது, கதவுதான் திறக்கவில்லை. முறம் முறமாக மிளகு மட்டும் காய்ந்தது. மேல்சோலையில் அந்த வருஷத்து மிளகு சிவப்பாகக் காய்ந்து தனி வாசத்தோடு இருந்ததாகச் சொல்கிறார்கள், நாங்களும் வாங்கிப் போட்டோம், ரசம் நன்றாகவே வந்தது. ஆனால் எங்களுக்கு ரசத்தில் மனம் போகவில்லை. ஊரில் இரண்டு பேர் சந்தித்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்குப் பதிலாகக் கதவு திறந்ததா என்று கேட்க ஆரம்பித்திருந்தோம்.

கார்த்திகையின் கடைசி வாரம் மழை பிடித்துக்கொண்டது. கண்மாய்க்குத் தண்ணீர் வந்தது, மற்ற வருஷமாக இருந்தால் கிடா வெட்டியிருப்போம், இந்த வருஷம் போதும் நில் என்று வானத்தைப் பார்த்துத் திட்டினோம். ஆறு நாள் உரலில் போட ஒரு கை வெயில் கிடைக்கவில்லை. கடைசி நாளும் விடிந்ததிலிருந்து தூறல்தான். நாலரை மணிக்கு மேற்கே மேகம் ஒரு சேலை அகலத்துக்கு விலகி, அதன் வழியாக வெளிறிய வெயில் ஊரின் வடக்குத் தெருவில் மட்டும் விழுந்தது. குருவம்மாள் வீடு தெற்குத் தெருவில் இருக்கிறது.

யார் முதலில் ஓடினார்கள் என்பதற்கு இங்கேயும் பதினோரு பேர் இருக்கிறார்கள். சலூன்கடைக் கண்ணாடி ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. பீரோக் கண்ணாடிகள் பீரோவோடு வந்தன. பஸ்ஸின் பக்கக் கண்ணாடியை டிரைவர் கழற்றிக் கொடுத்தார், பயணிகள் இறங்கி வேடிக்கை பார்க்காமல் தங்கள் டிபன்பாக்ஸ் மூடிகளைப் பிடித்தார்கள். எவர்சில்வர் தட்டு, குத்துவிளக்கு, தாம்பாளம், சைக்கிள் மணி, அமுதவல்லி கடையில் தைத்து வைத்திருந்த ஜிகினா ரவிக்கை என்று மின்னுவது எதுவோ அதைத் தூக்கிக்கொண்டு ஊரே வடக்குத் தெருவிலிருந்து தெற்குத் தெரு வரைக்கும் வரிசையாக நின்று, வெயிலை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு, தீப்பிடித்தால் குடம் மாற்றுவதுபோல மாற்றிக் கொடுத்தோம். ரேஷன் வரிசையில் அன்றைக்குத் தவறவிட்டவர்கள் எல்லோரும் இந்த வரிசையில் இருந்தோம். இந்தச் சந்தோஷத்தை எங்களுக்கு யாரும் பிறகு கொடுக்கவில்லை.

உரல் விளிம்பு வரைக்கும் நிரம்பியது. அந்த நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது, ஊர் முழுக்க நிழலானது. குருவம்மாள் மேல்கட்டையை வைத்தாள். ஏதாவது பேசினால் கலைந்துவிடும் என்று நாங்கள் மூச்சைக்கூட மெதுவாக விட்டோம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள், எண்ணெய்ச் சட்டி முன்னால் அம்மாவும் தங்கையும் உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு தீபாவளியை நினைத்துக்கொண்டாள் என்று பிறகு சொன்னாள், அமுக்கினாள். மூன்று இழையும் நிழலான ஊரின்மேல் குங்குமச் சிவப்பில் ஏறிப் போயின. ஓரத்துக் கீற்று வழக்கம்போல முருங்கைமேல் ஒழுகியது. உரலில் பாதி தீர்ந்தது. முக்கால் தீர்ந்தது. மலையில் ஒன்றும் தெரியவில்லை. மாடசாமி ஆறு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று பார்க்காமல் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இந்துமதிதான் முதலில் பார்த்தாள். "அம்மா, செவுத்தப் பாரு."

குருவம்மாள் வீட்டுச் சுவரில், கதவுக்குப் பக்கத்தில், எட்டு முனையோடு ஒரு நட்சத்திரம் விழுந்திருந்தது. முறுக்கு அளவு நட்சத்திரம். முனை ஒவ்வொன்றும் கத்தரித்ததுபோல இருந்தது, ஒன்பது மைல் வந்ததில் ஒரு முனைகூட மழுங்கவில்லை. மலைமேல் ஒருத்தி கதவைத் திறந்து, உள்ளே வந்த வெளிச்சத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் வாங்கி, அம்மாவின் தட்டு வழியாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். நட்சத்திரம் சுவரில் கொஞ்சம் ஆடியது. பிறகு அது மெல்ல நகர்ந்தது. வாசல்நிலைக்கு வந்தது, நிலையில் தயங்கியது, வாசற்படியைத் தாண்டி உள்ளே போனது. கூடத்தில் மாட்டியிருந்த அம்மாவின் படத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதில் நின்றது, உரலில் கடைசி வெளிச்சம் தீரும் வரைக்கும் அங்கேயே இருந்தது.

குருவம்மாள் உரலை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நாங்களும் அழுதோம், சிரிக்கவும் செய்தோம், பீரோக்களைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போக வேண்டுமே என்ற கவலை அப்போதைக்கு யாருக்கும் வரவில்லை. அக்கா வெளிச்சம் முதலில் தாண்டியதா, தங்கை வெளிச்சம் முதலில் தாண்டியதா என்று ஒருவர் ஆரம்பித்தார், அவரை உட்கார வைத்துவிட்டோம். மாடசாமி ஓடிப்போய் அந்த வெறும் வரியில் லோகமணியின் பெயரைக் கோத்து மெஷினை ஓட்டினார், ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்ததாகச் சொல்கிறார், கடிகாரம் அவர் பையில்தான் இருந்தது, நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

மறுநாள் காலை சவேரியின் ஜீப் முதல் நடையிலேயே தெற்குத் தெருவுக்கு வந்தது. லோகமணி இறங்கினாள். தலையில் இரண்டொரு நரை இருந்தது, ஒரு கையில் மிளகுப் பை, இன்னொரு கையில் துணியில் சுற்றிய தட்டு. குருவம்மாள் சம்பந்தி வீட்டுக்கு இன்னொரு நடை முறுக்கு அனுப்ப மாவு பிசைந்துகொண்டிருந்தாள், கை முழுக்க மாவோடு எழுந்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்கவும் முடியாமல் பார்த்தாள். ஊர் ஒளிந்து நின்று கேட்டது. ஒன்பது வருஷத்துக்கான பேச்சு இருந்ததே, எதிலிருந்து தொடங்குவார்கள் என்று எங்களுக்குப் பெரிய ஆவல்.

லோகமணி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். உரலைக் கையில் எடுத்தாள், திருவிழாக் கடைத் தட்டைக் கழற்றிக் கீழே வைத்தாள், துணியைப் பிரித்து அம்மாவின் தட்டை அதில் பொருத்தி ஒரு திருகுத் திருகினாள். அது உட்கார்ந்த சத்தம் எங்களுக்குக்கூடக் கேட்டது.

"ஓரத்துல ஒழுகுதுக்கா," என்றாள். "மலையில இருந்தே தெரியுது."

குருவம்மாள் அடுப்புக்கு முன்னால் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.